21 மாதமா, 15 மாதமா: பூஜ்ய வட்டி கார்டு தேர்ந்தெடுத்த ஒரு குடும்பத்தின் கணக்கு

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு தம்பதியின் கதை இது. கணவருக்கு நிரந்தர வேலை, மனைவிக்கு ஒப்பந்த வேலை. கிரெடிட் கார்டில் 6,000 டாலர் கடன் தேங்கிவிட்டது. வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். மாதம் 400 டாலர் கட்டமுடியும் என்று நினைத்தார்கள். இதற்கு நடுவில் ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மாற்ற வேண்டிய நிலை, அதற்கு 1,500. வங்கியில் அவசரத்துக்கென்று 4,000 டாலர் இருந்தது, அதைத் தொட மனமில்லை. அறிமுகக் காலத்தில் வட்டியே இல்லாத புது கார்டு ஒன்றை வாங்கி, பழைய கடனை அதற்கு மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கு வந்தபிறகுதான் என்னிடம் பேசினார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். வங்கிகளின் பெயர்களை விட்டுவிட்டேன், தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே வட்டியில்லாக் காலம் என்றால் பொருள் வாங்கிய நாளுக்கும் பில் கட்ட வேண்டிய நாளுக்கும் இடையே கிடைக்கும் 45, 50 நாள். இங்கே பேசுவது அது அல்ல. புதிதாகக் கார்டு எடுப்பவருக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல், நிலுவைக்கு வட்டியே போடாமல் விடும் அமெரிக்க, பிரிட்டன் வங்கிகளின் சலுகை.

முதலில், ஒன்றுமே செய்யாமல் பழைய கார்டிலேயே மாதம் 400 கட்டினால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 24 என்றால் மாதத்துக்கு 2 சதவீதம். வங்கிகள் நாள்கணக்கில் போடுவார்கள், நான் மாதக் கணக்காக எளிமையாக்கிக்கொள்கிறேன். கடன் தீர 18 மாதம் ஆகும், வட்டியாக மட்டும் ஏறக்குறைய 1,205 டாலர் போகும். எந்தப் புது கார்டும் இந்த 1,205-ஐ எவ்வளவு குறைக்கிறது என்பதுதான் அளவுகோல்.

அவர்கள் முன்னால் மூன்று அழைப்புகள் இருந்தன. அ என்ற கார்டில், மாற்றிய கடனுக்கு 21 மாதம் வட்டி இல்லை, மாற்றுவதற்குக் கட்டணம் 5 சதவீதம், புதிதாக வாங்கும் பொருளுக்குச் சலுகை கிடையாது. ஆ கார்டில் மாற்றிய கடன், புதுச் செலவு இரண்டுக்கும் 15 மாதம் வட்டி இல்லை, கட்டணம் 3 சதவீதம். முதல் மூன்று மாதத்தில் 500 டாலர் செலவழித்தால் 200 டாலர் வரவேற்புப் பணமும் உண்டு. அறிமுகக் காலம் முடிந்தபிறகு இரண்டிலும் வட்டி 24 சதவீதம். மூன்றாவது, வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஒரு கடையின் சொந்தக் கார்டு. ‘12 மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் வட்டி இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அண்ணா, 21 மாசம் எங்கே, 15 மாசம் எங்கே? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவர்.

யோசிக்க நிறைய இருந்தது. அ கார்டுக்கு மாறினால் 6,000-க்கு 300 டாலர் கட்டணம் சேர்ந்து கடன் 6,300 ஆகும். மாதம் 400 வீதம் 16 மாதத்தில் தீரும். அப்படியானால் கடைசி ஐந்து மாதச் சலுகை அவர்களுக்குப் பயனே படாது, ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் அந்த 5 சதவீதம் வாங்குகிறார்கள். ஆ கார்டில் கட்டணம் 180, கடன் 6,180. பதினைந்து மாதத்தில் 6,000 கட்டி முடித்திருப்பார்கள், 180 பாக்கி நிற்கும். அதற்கு ஒரு மாத வட்டி 4 டாலருக்கும் குறைவு. ஆக அ கார்டுக்கு 300, ஆ கார்டுக்கு 184. சலுகைக் காலத்துக்குள் முழுக் கடனையும் தீர்க்க முடியாத கார்டுதான் மலிவாக வருகிறது.

பலரும் தடுமாறுவது இங்கேதான். காலத்துக்குள் கடனை முடித்தே ஆக வேண்டும் என்று எண்ணி மாதங்களை எண்ணுகிறார்கள். உண்மையான பூஜ்ய வட்டிக் கார்டில் கெடு முடிந்தால் மிச்சமிருக்கும் தொகைக்கு, அன்றிலிருந்துதான் வட்டி ஓடும். மிச்சம் சின்னதாக இருந்தால் வட்டியும் சின்னதுதான்.

சரி, 400 கட்ட முடியாமல் போனால்? மாதம் 300 என்று வைத்தேன். ஆ கார்டில் 15 மாதம் கழித்து 1,680 நிற்கும், அது தீர இன்னும் ஆறு மாதம், வட்டி ஏறக்குறைய 120. கட்டணத்தோடு சேர்த்து 300. அ கார்டில் 6,300-ஐ 300 வீதம் கட்டினால் சரியாக 21 மாதம், செலவு அதே 300. இரண்டு கார்டும் சமமாக நிற்கும் இடம் இதுதான். 250 ஆகக் குறைந்தால் நிலைமை தலைகீழ்: ஆ கார்டுக்கு 480 வரை போகும், அ கார்டுக்கு 360-க்குள் முடியும். 400 கட்டினால் ஆ ஜெயிப்பது சுமார் 115 டாலரில், 250 கட்டினால் தோற்பது சுமார் 120 டாலரில்.

ஆக, எந்தக் கார்டு என்ற கேள்விக்கு விளம்பரத்தில் பதில் கிடையாது. மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அதனால் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்த 400 எங்கே இருந்து வந்தது?" என்பதுதான். மனத்தில் தோன்றிய எண் அது. வங்கிக் கணக்கை எடுத்து, கடந்த ஓராண்டில் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் உண்மையில் என்ன மிஞ்சியது என்று பார்க்கச் சொன்னேன். சராசரி வேண்டாம், மிகக் குறைந்த மாதத்தைச் சொல்லுங்கள் என்றேன். மனைவிக்கு ஒப்பந்தம் இல்லாமல் இருந்த ஒரு மாதத்தில்கூட 350 மிஞ்சியிருந்தது. 350 வைத்துப் பார்த்தால் ஆ கார்டின் மொத்தச் செலவு 215 டாலர் அளவில் வரும், அ கார்டுக்கு மாறாமல் 300. அந்த மிகக் குறைந்த மாதம் 280 என்று வந்திருந்தால் நானே அ கார்டைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். 15 மாதம் என்று போட்டிருந்தால் அது பல கார்டுகளில் கணக்கு திறந்த நாளிலிருந்து எண்ணப்படும், கடன் மாறி வந்த நாளிலிருந்து அல்ல. சில கார்டுகள் முதல் டிரான்ஸ்ஃபர் நடந்த நாளிலிருந்து எண்ணுவதும் உண்டு, அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டு கைக்கு வந்து, டிரான்ஸ்ஃபர் கேட்டு, அது முடிய இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். அறிமுகக் காலத்துக்குள் கிடைக்கும் தவணைகள் 14-தான் என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் சமநிலை 300-க்குச் சற்று மேலே ஏறும். 350-க்கு அது பிரச்சினை இல்லை.

கடைக் கார்டுக்கு வருகிறேன். அதைப் பார்த்து மனைவி, "இதுவும் பூஜ்யம்தானே, ஃபிரிட்ஜுக்கு மட்டும் இதை எடுத்தால் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இது வேறு ஜாதி. வாங்கிய நாளிலிருந்தே வட்டி உள்ளுக்குள் ஏறிக்கொண்டிருக்கும், கண்ணில் காட்ட மாட்டார்கள். 12 மாதத்தில் முழுவதையும் கட்டிவிட்டால் அதைத் தள்ளிவிடுவார்கள். ஒரு டாலர் மிச்சம் வைத்தாலும் முதல் நாளிலிருந்து ஏறிய மொத்த வட்டியையும் ஒரே பில்லில் சேர்ப்பார்கள். அந்தக் கார்டின் வட்டி 30 சதவீதம். 1,500-க்கு மாதம் 120 கட்டினால் ஆண்டுக் கடைசியில் 60 டாலர் நிற்கும். உண்மையான பூஜ்ய வட்டிக் கார்டில் அதற்கு அடுத்த மாதம் ஒன்றரை டாலர் வட்டி. கடைக் கார்டில் ஏறக்குறைய 250 டாலர். பொதுவாக விளம்பரத்தில் ‘முழுவதும் கட்டினால்’ என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தால் அது தள்ளிவைத்த வட்டி. அந்த நிபந்தனை இல்லாமல் அறிமுக வட்டி 0 சதவீதம் என்று நேராகச் சொன்னால்தான் உண்மையான பூஜ்யம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஒழுங்காகக் கட்டி வந்தால் பெரும்பாலும் காலக்கெடுவில் பாக்கி நிற்கும் என்பது இந்தக் கார்டுகளின் இன்னொரு அழகு. கடைக் கார்டை அன்றே ஒதுக்கிவிட்டோம்.

அ கார்டின் இன்னொரு சங்கடத்தையும் அவர்களுக்குக் காட்டினேன். அதில் மாற்றிய கடனுக்கு மட்டும்தான் சலுகை. அந்தக் கார்டையே தேய்த்து மளிகை வாங்கினால் என்ன நடக்கும்? வழக்கமாக, பில் தொகை முழுவதையும் கெடுவுக்குள் கட்டுகிறவருக்குத்தான் புதுச் செலவுக்கு வட்டி வராது. இங்கே பில்லில் 6,000 டாலர் பழைய கடனும் இருக்கும், அதை முழுவதும் கட்டப்போவதில்லை. ஆக மளிகைக்கு வாங்கிய நாளிலிருந்தே 24 சதவீத வட்டி விழலாம். பூஜ்ய வட்டிக் கார்டு எடுத்தவருக்கு வட்டி பில் வருவது இப்படித்தான். அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் இதை விளம்பரத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2014-இல் வங்கிகளுக்கு எச்சரிக்கைச் சுற்றறிக்கையே அனுப்பியது. எனவே அ போன்ற கார்டை எடுப்பவர் கடனை மாற்றிவிட்டு, கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் எங்கே படிப்பது? விண்ணப்பத்தோடு வட்டி, கட்டணங்களைக் கட்டம் போட்டு ஓர் அட்டவணை தருவார்கள். 1988-இல் வந்த சட்டத்தால் கட்டாயமானது. அப்போது பிரதிநிதிகள் சபையில் இருந்த சார்லஸ் ஷூமரின் பெயரால் அதை ஷூமர் பாக்ஸ் என்கிறார்கள். மூன்று கார்டின் கட்டத்தையும் அச்செடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். விளம்பரப் பக்கத்தில் அரைமணி செலவழிப்பதைவிட அதில் ஐந்து நிமிடம் போதும். பார்க்க வேண்டியவை: அறிமுக வட்டி எதற்கெல்லாம் பொருந்தும், பிறகு வரும் வட்டி, மாற்றுக் கட்டணம், கணக்கு திறந்து எத்தனை நாளுக்குள் கடனை மாற்றினால் சலுகை கிடைக்கும் என்ற கெடு, ஆண்டுக் கட்டணம். ரொக்கம் எடுப்பதற்கு இந்தச் சலுகை அநேகமாக எதிலும் இருக்காது.

தாமதமாகக் கட்டினால் சலுகை போய்விடுமா என்று கணவர் பயந்தார். அந்தப் பயம் பாதிதான் சரி. 2009 மே மாதம் கையெழுத்தாகி 2010 பிப்ரவரியில் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வந்த கார்டு சட்டம் இந்த விஷயத்தில் நுகர்வோருக்குச் சாதகம். அறிமுகச் சலுகை குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும். 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால்தான் ஏற்கெனவே உள்ள நிலுவையின் வட்டியை அபராதமாக உயர்த்தலாம். நாலு நாள் தாமதம் என்றால் தாமதக் கட்டணம் மட்டும். அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு: குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டும் பணம் அதிக வட்டி உள்ள பகுதிக்குத்தான் முதலில் போக வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் வங்கி தன் விருப்பப்படி வட்டி குறைந்த பகுதிக்கு வரவு வைத்துக்கொள்ளலாம்.

ஆ கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன், தகுதி உண்டா என்று வங்கியின் தளத்தில் பார்க்கும் முன்சோதனையைச் செய்தார்கள். அதனால் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண், குறையாது. முழு விண்ணப்பம் போட்டால்தான் கடன் அறிக்கையில் விசாரணை பதிவாகும், அது இரண்டாண்டு நிற்கும். மாற்றப்போகும் கடன் இருக்கும் அதே வங்கியின் கார்டாக இருக்கக்கூடாது என்பதையும் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வங்கிக்குள் கடனை மாற்ற விடமாட்டார்கள்.

கார்டு வந்தது. திட்டம் கலைந்ததும் அப்போதுதான். கிரெடிட் லிமிட் 5,000 மட்டுமே.

இது எவருக்கும் நடக்கலாம், ஏனென்றால் ஒப்புதல் வரும்வரை லிமிட் எவ்வளவு என்று தெரியாது. மாற்றும் கடனும் கட்டணமும் சேர்ந்து அந்த லிமிட்டுக்குள் அடங்க வேண்டும். ஃபிரிட்ஜை இதில் வாங்கும் யோசனை அந்த நிமிடமே போயிற்று. விளிம்புவரை நிரப்பினால் ஸ்கோரும் அடிவாங்கும், கட்டணம் ஏதாவது விழுந்தால் லிமிட்டையும் தாண்டும். அதனால் 4,600 மட்டும் மாற்றினார்கள். கட்டணம் 138. பழைய கார்டில் 1,400 தங்கிவிட்டது.

கணவர் உடனே அ கார்டுக்கும் விண்ணப்பித்து அந்த 1,400-ஐ அங்கே தள்ளிவிடலாமா என்றார். மாதம் 400 என்ற பழைய திட்டப்படியே கணக்குப் போட்டோம். 5 சதவீதக் கட்டணம் 70 டாலர். அதற்குப் பதில், புது கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை சுமார் 50 மட்டும் கட்டி, மீதி 350-ஐயும் பழைய கார்டில் போட்டால் ஐந்தாவது மாதம் அது தீர்ந்துவிடும், மொத்த வட்டி 74 டாலர். நாலு டாலருக்காக இன்னொரு கார்டு, இன்னொரு விசாரணை. வேண்டாம் என்று மனைவி முடித்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி.

கட்டணம் 138, பழைய கார்டின் வட்டி 74, 15 மாதம் கழித்து நிற்கும் 212-க்கு ஒரு மாத வட்டி 4. மொத்தம் 216 டாலர். முழுத் தொகையையும் மாற்றியிருந்தால் 184. லிமிட் குறைந்ததால் ஏற்பட்ட நட்டம் 32 டாலர்தான், வந்த அன்று அவர்கள் முகம் போன போக்குக்கு அது ஒன்றுமே இல்லை. கடன் மாறி முடியும்வரை பழைய கார்டில் ஓடிய சில நாள் வட்டி எந்தக் கார்டை எடுத்திருந்தாலும் வந்திருக்கும், அதை எதிலும் சேர்க்கவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில் பழைய கார்டின் தவணை வந்தது, அதை நிறுத்தாமல் கட்டினார்கள். ‘மாற்றச் சொல்லியாச்சே’ என்று விட்டுவிடுகிறவர்கள் தாமதக் கட்டணத்தில் மாட்டுகிறார்கள்.

ஃபிரிட்ஜுக்கும் மெஷினுக்கும் சேமிப்பிலிருந்து 1,500 எடுக்கச் சொன்னேன், தயங்கித்தான் எடுத்தார்கள். என்னைக் கேட்டால், 24 சதவீத வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு 4,000 டாலரைச் சேமிப்புக் கணக்கில் தூங்கவிட்டதே இந்தக் கதையின் விலை உயர்ந்த பகுதி. அதில் பாதியை எப்போதோ கடனில் போட்டிருக்கலாம். கடன் பூஜ்ய வட்டிக்கு வந்தபிறகு நிலைமை வேறு: இப்போது மிச்சமிருக்கும் 2,500-ஐ அவசரத்துக்கு வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம், அவசரமாகக் கடனில் கொட்டி லாபமில்லை.

200 டாலர் வரவேற்புப் பணத்தை ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. அதைச் சேர்த்தால் எந்தக் கார்டும் நல்ல கார்டாகத் தெரியும். அது செலவழித்தால்தான் வரும், கடனை மாற்றுவது செலவில் சேராது. ஆனால் தொலைபேசி, மின்சார பில்லை எப்படியும் கட்டத்தான் போகிறார்கள். அவற்றை மூன்று மாதம் ஆ கார்டில் போட்டு, அந்தத் தொகையை 400-க்கு மேல் தனியாகக் கட்டி வந்தார்கள், 200 வந்தது. புதுச் செலவுக்கும் அந்தக் கார்டில் பூஜ்யம் என்பதால் இது முடிந்தது. அ கார்டில் இதே வேலையைச் செய்திருந்தால் வட்டி விழுந்திருக்கும்.

மாதாமாதம் தானாகப் பணம் கட்டும் ஆட்டோபே போடும்போது ஒரு சிக்கல். தளத்தில் முதலில் டிக் ஆகியிருந்தது குறைந்தபட்சத் தொகை. ஒரு சதவீதம் மட்டும் கட்டினால் கட்டணத்தோடு சேர்ந்த 4,738 டாலர் கடன் 15 மாதத்துக்குப் பிறகும் 4,000-க்கு மேலேயே நிற்கும், அதற்கு 24 சதவீதம் தொடங்கும். பூஜ்ய வட்டிக் கார்டில் வங்கி சம்பாதிக்கும் இடம் அதுதான், அதனால் இந்த டிக்கை யாரும் தற்செயலாக அங்கே வைத்ததாக நான் நம்பமாட்டேன். பழைய கார்டு தீரும்வரை குறைந்தபட்சம், பிறகு 400 என்று அலைபேசியில் நினைவூட்டல் வைத்து, ஐந்தாவது மாதம் மாற்றினார்கள்.

பழைய கார்டில் பாக்கி பூஜ்யமானபிறகு அடுத்த பில்லில் ஒரு சின்ன வட்டி வந்து நின்றது. பில் அச்சான நாளுக்கும் பணம் போய்ச் சேர்ந்த நாளுக்கும் இடையே ஓடிய வட்டி அது. கட்டி முடித்துவிட்டோம் என்று அந்தக் கார்டின் பில்லைத் திறக்காமல் விட்டிருந்தால் தாமதக் கட்டணமாக வளர்ந்திருக்கும்.

அந்தக் கார்டை மூடிவிடலாம் என்பது கணவர் கட்சி. ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்பதால் நான் வேண்டாம் என்றேன்: மூடினால் மொத்த லிமிட் குறையும், ஆ கார்டில் நிற்கும் கடன் அந்தக் குறைந்த லிமிட்டோடு ஒப்பிடப்படும், ஸ்கோர் இறங்கும். மனைவி இரண்டுக்கும் நடுவில் ஒன்று செய்தார். கார்டைத் திறந்தே வைத்துவிட்டு, வாங்கும் தளங்கள் எல்லாவற்றிலும் சேமித்து வைத்திருந்த அதன் எண்ணை ஒவ்வொன்றாக அழித்துவிட்டார்.